இருபத்தாறு வயதில் ஒரு கையெழுத்து: இருப்பதா, போவதா?

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தை, அந்நாட்டார் ஃபுட்டி என்று அழைக்கும் ஆட்டத்தை, தொழிலாக ஏற்கும் இளைஞருக்குத் தாம் எந்த ஊரில் வாழ வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை தொடக்கத்தில் இல்லை. டிராஃப்ட் எனப்படும் ஆள்தேர்வில் பதினெட்டு கிளப்புகளும் வரிசைப்படி பெயர்களை அழைக்கின்றன. முந்தைய சீசனில் கடைசி இடத்தில் நின்ற அணிக்கே முதல் வாய்ப்பு. மெல்பர்னில் வளர்ந்து, நினைவு தெரிந்த நாள் முதல் ஒரே கிளப்பின் வண்ணத் துண்டைக் கழுத்தில் சுற்றித் திரிந்த பையன், பெயர் வாசிக்கப்பட்ட சில நாள்களில் ஏறக்குறைய 2,700 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பெர்த்தில் பெட்டியை இறக்கி வைக்க வேண்டியிருக்கலாம். மறுத்தால் ஆட்டம் இல்லை. அந்தக் கிளப்பில் எட்டு சீசன்கள் தாக்குப்பிடித்தால்தான் ஃப்ரீ ஏஜென்சி என்ற விடுதலை உரிமை அவர் கைக்கு வருகிறது. பதினெட்டும் எட்டும் இருபத்தாறு. உடல் உச்சத்தில் இருக்கும் அந்த வயதில்தான், வாழ்க்கையில் முதன்முறையாகவும் பெரும்பாலும் கடைசி முறையாகவும், எங்கே விளையாடுவது என்பதை அவரே தீர்மானிக்கிறார்.

இக்கட்டுரை அந்த ஒரு முடிவைப் பற்றியது. இருக்கும் கிளப்பிலேயே தொடர்வது, பட்டம் வெல்லும் நிலையில் உள்ள அணிக்குப் போவது, நீண்ட ஒப்பந்தமும் பெருந்தொகையும் தரும் கிளப்புக்குப் போவது, சொந்த ஊருக்குத் திரும்புவது என்ற நான்கு வழிகள் அவர் முன் உள்ளன. இந்த வழிகளில் நடந்தவர்களின் கதைகளைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து கவனித்ததில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. பட்டத்தை யாராலும் தேர்ந்தெடுக்க முடியாது. ஒப்பந்த ஆண்டுகளையும் வாழும் ஊரையும் தேர்ந்தெடுக்க முடியும். முடிவை இவ்விரண்டின் மேல் கட்ட வேண்டும் என்பதே என் வாதம்.

முதலில் விதிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தேசிய டிராஃப்ட் 1986-இல் தொடங்கியது; அதையொட்டியே, ஒவ்வொரு கிளப்பும் ஆட்டக்காரர்களுக்குச் செலவிடும் மொத்தத் தொகைக்கு ஒரு சம்பள வரம்பும் வந்தது. ஃப்ரீ ஏஜென்சி வந்ததோ 2012-இல்தான். ஒரு கிளப்பில் சம்பளத்தில் மேல் கால்பங்கினருக்குள் இருப்பவர் எட்டு ஆண்டு முடித்து வேறு கிளப்பின் அழைப்பை ஏற்றால், பழைய கிளப் அதே தொகையைத் தானும் தருவதாகச் சொல்லி அவரைத் தடுக்கலாம். மற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. 2020-இல் ஜெரமி கேமரன் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னியிலிருந்து ஜீலாங்குக்குப் புறப்பட்டபோது பழைய கிளப் இந்த உரிமையைப் பயன்படுத்தியது. அதனால் ஜீலாங் அவரைச் சும்மா அழைத்துக்கொள்ள முடியாமல், முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகள் மூன்றைக் கொடுத்துப் பெற்றது. ஒப்பந்தம் இன்னும் முடியாதவர்களும் அக்டோபரில் நடக்கும் பரிமாற்றக் காலத்தில் இடம் மாறலாம். ஆனால் ஆட்டக்காரரின் சம்மதம் இல்லாமல் எந்தக் கிளப்பும் அவரை அனுப்ப முடியாது. எழுத்தில் இருக்கும் இந்தச் சம்மதம் நடைமுறையில் எவ்வளவு தூரம் காக்கும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இருந்த இடத்திலேயே இருப்பது என்ற வழிக்கு டஸ்டின் மார்ட்டினைவிடப் பெரிய சான்று இல்லை. 2017-இல் அவருக்கு வயது இருபத்தாறு. ரிச்மண்ட் கிளப்பில் அவருடைய ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்தது. நார்த் மெல்பர்ன் மிகப் பெரிய தொகையை முன்வைத்து அழைத்தது. சீசன் முழுவதும் மெல்பர்ன் நகரில் இந்த ஒரு கேள்வியே பேச்சாக இருந்தது. ஆகஸ்ட் மாதக் கடைசியில், முன்னணி அணிகள் மட்டும் ஆடும் இறுதிச் சுற்று ஆட்டங்கள் தொடங்கும் முன்பே, ரிச்மண்டில் ஏழு ஆண்டுகள் தொடர்வதாக அவர் அறிவித்தார். அடுத்த ஒரு மாதத்துக்குள் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம், பட்டத்தை முடிவு செய்யும் கடைசி ஆட்டமான கிராண்ட் ஃபைனலின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம், 37 ஆண்டுகளாகக் காத்திருந்த கிளப்புக்கான பிரீமியர்ஷிப் பட்டம் ஆகிய மூன்றும் அவரிடம் சேர்ந்தன. பிறகு 2019-இலும் 2020-இலும் மேலும் இரண்டு பட்டங்கள், மேலும் இரண்டு நார்ம் ஸ்மித் பதக்கங்கள். 302 ஆட்டங்களோடு 2024-இல் ஓய்வு பெற்றபோது அவர் ரிச்மண்டைத் தவிர வேறு கிளப்பின் சட்டையை அணிந்ததே இல்லை.

இந்தக் கதையை மட்டும் கேட்டால் விசுவாசத்துக்குக் கூலி கிடைக்கும் என்று தோன்றும். ஆனால் இதே வழியில் நடந்தும் பட்டம் கிட்டாதவர்களின் வரிசை மிக நீளமானது. செயின்ட் கில்டாவின் ராபர்ட் ஹார்வி 1988 முதல் 2008 வரை 383 ஆட்டங்கள் ஆடினார். 1997, 1998 என்று அடுத்தடுத்து இரண்டு பிரவுன்லோ பதக்கங்கள் பெற்றார். ஆனால் அவருடைய கிளப் 1966-இல் வென்ற ஒரே பட்டத்தோடு நிற்கிறது, ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்ற பட்டம் அது. அடிலெய்டில் வளர்ந்த மேத்யூ பாவ்லிச், டிராஃப்டில் ஃப்ரீமாண்டில் அழைத்ததால் நாட்டின் மேற்குக் கோடிக்குப் போனார். அங்கேயே 353 ஆட்டங்கள், 700 கோல்கள். 2013-இல் ஒரேயொரு கிராண்ட் ஃபைனல் வாய்த்தது, அதையும் ஹாதார்னிடம் 15 புள்ளிகளில் இழந்தார்கள். இவர்கள் இருவரையும் தோற்றவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. தம் ஊரின் இரண்டு தலைமுறைப் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டம் என்றாலே இவர்கள் முகம்தான் நினைவுக்கு வரும். ஆனாலும் இருந்தால் பட்டம் வந்துவிடும் என்று கணக்குப் போட்டு எவரேனும் இருப்பாரானால், ஹார்வியின் இருபத்தொரு சீசன்களை அவர் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இருப்பதன் வேதனையும் பெருமையும் ஒரே மேடையில் நின்ற காட்சி ஒன்று உண்டு. வெஸ்டர்ன் புல்டாக்ஸ் அணித் தலைவர் பாப் மர்ஃபி 2000 முதல் அந்த ஒரே கிளப்பில் ஆடியவர். 2016 சீசனின் மூன்றாம் சுற்றில், ஆட்டம் முடியும் வேளையில், அவருடைய முழங்காலின் குறுக்குத் தசைநார் அறுந்தது. ஆண்டு அவருக்கு அங்கேயே முடிந்தது. அணியோ யாரும் எதிர்பாராத விதமாக ஒவ்வொரு ஆட்டமாகத் தாண்டி, அக்டோபர் 1 அன்று சிட்னியை 22 புள்ளிகளில் வென்று, 1954-க்குப் பிறகு முதல் பட்டத்தைப் பெற்றது. எம்சிஜி எனப்படும் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் போட்ட மேடையில் பயிற்சியாளர் லூக் பெவரிட்ஜுக்கு உரிய ஜாக் மக்ஹேல் பதக்கத்தைக் கழுத்தில் மாட்டினார்கள். அவர் ஒலிவாங்கியில் மர்ஃபியை மேடைக்கு அழைத்து, தம் கழுத்திலிருந்த பதக்கத்தைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். தாம் ஆடாத ஆட்டத்தின் கோப்பையைத் தூக்க மேடையேறிய அந்த மனிதரின் முகத்தில் சிரிப்பும் அழுகையும் பிரித்தறிய முடியாமல் கலந்திருந்தன. பதக்கத்தைப் பிறகு அவர் பயிற்சியாளரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். பதினேழாம் சீசனில் பட்டம் அவர் வீட்டு வாசல் வரை வந்தது, உள்ளே வரவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விசுவாசம் ஆட்டக்காரரை மட்டும் கட்டும், கிளப்பைக் கட்டாது. நார்த் மெல்பர்னின் பிரென்ட் ஹார்வி 1996 முதல் 432 ஆட்டங்கள் ஆடி, 2016-இல் லீகின் ஆட்ட எண்ணிக்கைச் சாதனையை முறியடித்தார். அதே ஆண்டில், அவருக்கு ஆட விருப்பம் இருந்தும், அடுத்த ஆண்டுக்கு ஒப்பந்தம் இல்லை என்று கிளப் சொல்லிவிட்டது. சம்பள வரம்பும் இளைஞர்களுக்கு இடம் விடும் கட்டாயமும் உள்ள எந்தக் கிளப்பும் அப்படித்தான் செய்யும், அதில் கோபப்பட ஒன்றுமில்லை. கோலிங்வுட்டின் ஸ்காட் பெண்டில்பரி போன்று, 2010-இல் ஒரு பட்டம், பதின்மூன்று ஆண்டுகள் கழித்து 2023-இல் இன்னொரு பட்டம், 2024-இல் 400-ஆவது ஆட்டம் என்று ஒரே கூரையின் கீழ் முழு வாழ்வும் அமைவது, ஆட்டக்காரரின் உழைப்போடு கிளப்பின் நல்ல நிர்வாகமும் சேர்ந்தால் மட்டுமே நடக்கிறது.

இனி, பட்டம் தேடிப் போவது. கோல்டு கோஸ்டில் எட்டு ஆண்டுகள் தோல்விகளுக்கிடையே ஆடி, அணியின் இணைத் தலைவராகவும் இருந்த டாம் லிஞ்ச், 2018 சீசன் முடிந்ததும் ரிச்மண்டுக்குப் போனார். முதல் ஆண்டிலேயே கிராண்ட் ஃபைனலில் 89 புள்ளிகள் வித்தியாசத்தில் பட்டம். மறு ஆண்டு இன்னொன்று. இந்த வழியில் இதைவிடத் துல்லியமாக யாரும் குறிபார்த்து அடித்ததில்லை என்றே சொல்லலாம். ஆனால் அதே ரிச்மண்ட் 2024-இல் பட்டியலின் அடிமட்டத்தில், பதினெட்டாம் இடத்தில் முடிந்தது. லிஞ்ச் அப்போதும் அங்கேதான் இருந்தார். பலமான அணி என்று ஒருவர் கையெழுத்திடும்போது அவர் வாங்குவது அந்த அணியின் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளை மட்டுமே. தோற்ற அணி முதலில் தேர்ந்தெடுப்பது, எல்லோருக்கும் ஒரே சம்பள வரம்பு என்ற இரண்டு விதிகளும் மேலே இருப்பவர்களைக் கீழே இழுப்பதற்கென்றே வகுக்கப்பட்டவை. ஆகவே ஏழு ஆண்டு ஒப்பந்தத்தில் பட்டத்துக்காகப் போகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, பின்பாதி ஆண்டுகளைத் தேய்பிறையில் கழிக்கச் சம்மதிக்கிறார்.

குறி தவறினால் எப்படி இருக்கும் என்பதற்கு நேதன் பக்லியின் கதை இருக்கிறது. ஃப்ரீ ஏஜென்சி வருவதற்கு வெகுகாலம் முன்பு, 1993-இல், பிரிஸ்பேன் பேர்ஸ் அணியில் ஒரே சீசன் ஆடி, சிறந்த இளம் ஆட்டக்காரருக்காக அவ்வாண்டு தொடங்கப்பட்ட ரைசிங் ஸ்டார் விருதின் முதல் வெற்றியாளராகி, உடனே கோலிங்வுட்டுக்குப் போனவர் அவர். அன்றைய பிரிஸ்பேன் ஒரு திணறும் கிளப். கோலிங்வுட்டோ நாட்டின் மிகப் பெரிய கிளப்புகளில் ஒன்று. யாரைக் கேட்டாலும் சரியான முடிவு என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் பிரிஸ்பேன் 1996-க்குப் பிறகு ஃபிட்ஸ்ராய் கிளப்புடன் இணைந்து லயன்ஸ் ஆகி, 2001, 2002, 2003 என்று தொடர்ந்து மூன்று பட்டங்களை வென்றது. அவற்றில் இரண்டு, பக்லி தலைமை தாங்கிய கோலிங்வுட்டைத் தோற்கடித்துப் பெற்றவை. 2002 கிராண்ட் ஃபைனலில் 9 புள்ளிகளில் தோற்ற அணியில் இருந்துகொண்டே அவர் நார்ம் ஸ்மித் பதக்கம் பெற்றார். 280 ஆட்டங்களுக்குப் பின் 2007-இல் பட்டமின்றி ஓய்வு பெற்று, பயிற்சியாளராகத் திரும்பி வந்து, 2018-இல் 5 புள்ளிகளில் மீண்டும் ஒரு கிராண்ட் ஃபைனலை இழந்தார். விட்டுவந்த வீட்டில் விருந்து நடப்பதை எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து மூன்று முறை பார்க்க நேர்ந்தவர் அவர். அவருடைய முடிவில் பிழை இருந்ததாக நான் நினைக்கவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து எந்தக் கிளப் எழும் என்பதை 1993-இல் ஒருவரும் அறிந்திருக்க முடியாது. பட்டத்தைக் காரணமாக்கி எடுக்கும் எந்த முடிவின் அடியிலும் இந்த அறியாமை கிடக்கிறது.

மூன்றாவது வழியான நீண்ட ஒப்பந்தத்தைத்தான் மக்கள் அதிகம் ஏசுகிறார்கள், பணத்துக்குப் போனான் என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. முன்கள ஆட்டக்காரர் லான்ஸ் ஃபிராங்க்ளின் 2013 பட்டத்தை ஹாதார்னுடன் வென்ற கையோடு, இருபத்தாறு வயதில், ஒன்பது ஆண்டுகளுக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் என்ற ஒப்பந்தத்தில் சிட்னிக்குப் போனபோது, முப்பத்தைந்து வயது வரை யாராவது இப்படி எழுதிக் கொடுப்பார்களா என்று கிளப்பைப் பார்த்துச் சிரித்தவர்களே அதிகம். பட்டக் கணக்கில் பார்த்தால் அது நட்டம்தான்: அவர் விட்டுப்போன ஹாதார்ன் அடுத்த இரண்டு பட்டங்களையும் வென்றது, முதலாவதைச் சிட்னியையே 63 புள்ளிகளில் வீழ்த்தி வென்றது, சிட்னியோ அவருடைய காலத்தில் 2014, 2016, 2022 என்று மூன்று கிராண்ட் ஃபைனல்களைத் தோற்றது. ஆனால் 2015-இல் மனநலச் சிக்கல் காரணமாக இறுதிச் சுற்றில் ஆடாமல் அவர் ஒதுங்கியபோது என்ன நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் இன்னும் ஏழு ஆண்டுகள் மீதி இருந்தன. ஓராண்டு ஒப்பந்தத்தில் இருப்பவர் அந்த வாரங்களில் குணமாகத் துடித்திருப்பார். அவருக்கு நிதானமாகக் குணமாக அவகாசம் இருந்தது. மறு ஆண்டு திரும்பி வந்து அணியைக் கிராண்ட் ஃபைனலுக்கு அழைத்துச் சென்றார்.

2022 மார்ச் 25 இரவு, சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் ஜீலாங்குக்கு எதிராக அவர் தம் ஆயிரமாவது கோலை உதைத்தார். பந்து கம்பங்களுக்கிடையே போனது தெரிந்த கணத்தில் வேலியைத் தாண்டி ஆயிரக்கணக்கானோர் புல்வெளிக்குள் பாய்ந்தார்கள். சக ஆட்டக்காரர்கள் அவரைச் சுற்றி அரண் அமைக்க முயன்று, தாங்களே கூட்டத்தில் மூழ்கினார்கள். ஆட்டம் ஏறக்குறைய அரை மணி நேரம் நின்றது. லீகின் வரலாற்றில் ஆயிரம் கோல் கண்டவர்கள் அவரோடு சேர்த்து ஆறே பேர். ஒன்பது ஆண்டு ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு அது. மொத்தம் 354 ஆட்டங்கள், 1,066 கோல்கள்; அவற்றில் 486 கோல்கள் சிட்னிக்காக அடித்தவை. பட்டம் ஒன்றையும் தராத அந்த ஒப்பந்தம் ஒரு நகரத்துக்கு அந்த இரவைத் தந்தது.

இதே வழியின் இன்னொரு முகம் கேரி ஏப்லெட் ஜூனியர். ஜீலாங்குடன் 2007, 2009 ஆகிய இரு பட்டங்களை வென்றவர், 2010 முடிவில், அவரும் இருபத்தாறு வயதில், புதிதாகத் தொடங்கவிருந்த கோல்டு கோஸ்ட் அணிக்கு அதன் முதல் தலைவராகப் போனார். மறு ஆண்டே ஜீலாங் பட்டம் வென்றது. கோல்டு கோஸ்டில் அவர் ஆடிய ஏழு ஆண்டுகளில் அந்த அணி ஒருமுறைகூட இறுதிச் சுற்றுக்குள் நுழையவில்லை. அந்த வாசல் அதற்குத் திறந்தது 2025-இல்தான். எனினும் தோற்கும் அணியில் இருந்தபடி 2013-இல் தம் இரண்டாவது பிரவுன்லோவை அவர் வென்றார். கைவசம் ஏற்கெனவே பட்டம் உள்ளவருக்கு இந்த வழியின் இழப்பு தாங்கக்கூடியது. பட்டமே காணாதவர் புதிய கிளப்புக்குப் போவது அதைவிட நெஞ்சுரம் வேண்டிய செயல்.

நீண்ட ஒப்பந்தம் ஆட்டக்காரரை எல்லாவற்றிலிருந்தும் காக்கும் என்றும் நினைத்துவிடக் கூடாது. பிராடி கிரண்டி 2020 தொடக்கத்தில் கோலிங்வுட்டோடு ஏழு ஆண்டு ஒப்பந்தம் செய்தார், 2027 வரை. மூன்றே சீசன்களில், சம்பள வரம்பு நெருக்கியதால், அவர் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தானே தொடர்ந்து செலுத்த ஒப்புக்கொண்டு, கிளப் அவரை மெல்பர்ன் அணிக்கு அனுப்பியது. சம்மதம் இல்லாமல் அனுப்ப முடியாது என்ற விதி இருக்கத்தான் செய்தது. ஆனால் உனக்கு இங்கே இடமில்லை என்று கிளப் முடிவெடுத்த பிறகு விதியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எவருக்கும் மனம் இடம் கொடுக்காது. 2023-இல் அவர் இல்லாத கோலிங்வுட் பட்டம் வென்றது. அவர் சிட்னிக்கு மாறி, 2024 கிராண்ட் ஃபைனலில் தோற்ற பக்கத்தில் நின்றார். பணம் வந்தது. ஊர் நிலைக்கவில்லை.

டாம் பாய்டின் கதை இதற்கு நேர் எதிர்த்திசையில் ஓடுகிறது. 2013 டிராஃப்டின் முதல் பெயர் அவருடையது. ஒரே ஆண்டில் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் அவரை ஏழு ஆண்டுப் பெரும் ஒப்பந்தத்தில் அழைத்துக்கொண்டது. 2016 கிராண்ட் ஃபைனலில் மூன்று கோல்கள் அடித்து, மைதானத்தின் நடுப்பகுதிக்கு அருகிலிருந்து உதைத்த ஒரு பந்து உருண்டோடிக் கோலாகி, அவ்வளவு பணம் எதற்கு என்று கேட்டவர்களின் வாயை அடைத்தார். ஆயினும் மனச்சோர்வும் தூக்கமின்மையும் அவரை விடவில்லை. 2019 மே மாதத்தில், இருபத்துமூன்று வயதில், ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மீதமிருக்க, அந்தப் பணம் முழுவதையும் விட்டுவிட்டு அவர் விலகினார். இருபது வயதுக்குள் பெருந்தொகையின் பாரத்தைத் தோளில் ஏற்றுவது பாதுகாப்பு ஆகாது என்று அவர் கதையைப் படித்ததிலிருந்து நான் நம்புகிறேன். நீண்ட ஒப்பந்தம் நல்லது என்ற என் வாதம், தன் உடலையும் மனத்தையும் எட்டு சீசன்கள் அறிந்துகொண்ட இருபத்தாறு வயதுக்காரருக்கே பொருந்தும்.

சொந்த ஊருக்குத் திரும்புவதை நான்காவதாக வைத்தேனே தவிர, நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பாட்ரிக் டேஞ்சர்ஃபீல்ட், விக்டோரியா மாநிலக் கடலோரத்தில் உள்ள மாக்ஸ் கிரீக் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். 2007 டிராஃப்டில் அடிலெய்டு அவரை அழைத்தது. 2015 முடிவில், லீகின் மிகச் சிறந்தவர்களுள் ஒருவராக இருந்த நிலையில், தம் ஊருக்கு அருகிலுள்ள ஜீலாங்குக்கு வந்தார். முதல் ஆண்டிலேயே பிரவுன்லோ. பட்டம் மட்டும் ஓடி ஒளிந்தது: 2017-இல் அவர் விட்டுவந்த அடிலெய்டே ஜீலாங்கைக் கடைசிக்கு முந்தைய சுற்றில் வீழ்த்திக் கிராண்ட் ஃபைனலுக்குப் போனது, 2020 கிராண்ட் ஃபைனலில் ரிச்மண்டிடம் தோல்வி. வந்து ஏழாவது சீசனில், முப்பத்திரண்டு வயதில், சிட்னியை 81 புள்ளிகளில் வென்று அவர் கோப்பையைத் தொட்டார். அந்த ஏழு ஆண்டுகளில் பட்டம் வராமலே போயிருந்தாலும் தாம் வளர்ந்த கடற்கரையில், தம் மக்களிடையே வாழ்ந்த ஏழு ஆண்டுகள் அவருக்கு மிஞ்சியிருக்கும். நான்கு வழிகளிலும் பட்டம் தவறினாலும் வெறுங்கையாகாத வழி இது ஒன்றே. வெஸ்ட் கோஸ்டுடன் 2006 பட்டத்தை வென்று, மறு ஆண்டு முடிவில் பிறந்த ஊரான மெல்பர்னுக்குத் திரும்பி கார்ல்டனில் சேர்ந்த கிறிஸ் ஜட் அதன்பின் ஒரு கிராண்ட் ஃபைனலையும் காணவில்லை. ஆனால் 2010-இல் இரண்டாவது பிரவுன்லோ பெற்றார், 2015 வரை சொந்த நகரில் ஆடினார்.

உடலைப் பற்றிப் பேசாமல் இந்த ஒப்பீடு முழுமையாகாது. இருபது நிமிடக் கால்பகுதிகள் நான்கும், இடைநிறுத்த நேரம் சேர்ந்து ஒவ்வொன்றும் அரை மணிக்கு நீளும் ஆட்டம் இது, நடுக்கள ஆட்டக்காரர் ஒரு நாளில் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறார், தலைக்கவசம் கட்டாயமில்லை. மெல்பர்ன் அணியின் ஆங்கஸ் பிரேஷா, 57 ஆண்டுக் காத்திருப்பை முடித்த 2021 பட்டத்தில் பங்கு பெற்றவர், 2022-இல், அவரும் இருபத்தாறு வயதில், தம்பி ஆண்ட்ரூ ஆடும் ஃப்ரீமாண்டிலுக்குப் போகலாமா என்று யோசித்து, பிறகு 2028 வரை ஆறு ஆண்டுகளுக்கு மெல்பர்னிலேயே கையெழுத்திட்டார். 2023 இறுதிச் சுற்று ஆட்டம் ஒன்றில் மோதலில் நினைவிழந்து விழுந்தார். தலைக்காயங்கள் முன்பே பலமுறை பட்டவர். 2024 பிப்ரவரியில், இருபத்தெட்டு வயதில், மருத்துவர்களின் அறிவுரைப்படி அவருடைய ஆட்டம் முடிந்தது. ஒப்பந்தத்தில் ஐந்து சீசன்கள் மீதி. கையெழுத்திட உட்காரும் எவரும் தொகை எழுதிய பக்கத்துக்கு முன்னால், காயத்தால் விலக நேர்ந்தால் மீதி ஆண்டுகள் என்னவாகும் என்று எழுதிய பக்கத்தைப் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். 2023-இல் கையெழுத்தான ஐந்தாண்டுக் கூட்டு ஒப்பந்தத்தின்படி ஆண் ஆட்டக்காரர்களின் சராசரிச் சம்பளம் 2027-இல் ஏறக்குறைய 519,000 டாலரை எட்டும். பெண்கள் லீகில் அது 82,000 அளவுக்கே வரும். அவர்களுள் பலர் வேறு வேலையும் பார்ப்பதால் அவர்கள் எடுக்கும் முடிவின் கணக்கே வேறு, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஆகவே இருபத்தாறு வயதுக்காரர் என்னிடம் கேட்டால் நான் சொல்வது இது. நடுக்களத்தில் ஓடுபவராக இருந்தால், கால்கள் தளரும் காலத்தையும் சேர்த்து முப்பத்திரண்டு வயது வரையாவது எழுதி வாங்குங்கள். உயரமான முன்கள ஆட்டக்காரர் என்றால் இன்னும் கூடுதலாகக் கேட்கலாம். ஊர்ப்பக்கக் கிளப் ஒன்று நியாயமான தொகையோடு அழைத்தால், பட்டியலில் அது எத்தனையாவது இடம் என்று பார்க்காமல் போங்கள். ஊர்ப்பக்க அழைப்பு இல்லையென்றால், இருக்கும் கிளப் தரும் ஆண்டுகளையும் வெளிக் கிளப் தரும் ஆண்டுகளையும் எண்ணுங்கள்; சமமாக இருந்தால் இருங்கள், ஏனெனில் உங்கள் முழங்காலை அறிந்த மருத்துவரும் உங்கள் மனத்தை அறிந்த தோழர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். பட்டத்துக்காக மட்டும் போவதை, முப்பதைத் தொட்டு, இரண்டு ஆண்டு ஒப்பந்தமே போதும் என்ற நிலைக்கு வந்தவருக்கு விட்டுவிடலாம்; பலமான அணியின் பலம் நீடிக்கும் காலமும் அவர் காலில் மிச்சமிருக்கும் காலமும் அப்போது ஒத்துப்போகும்.

முப்பத்துமூன்று வயதில் அப்படி ஒரு முறை முடிவெடுத்தவர் அதே ஏப்லெட். 2017 முடிவில் கோல்டு கோஸ்டை விட்டு மீண்டும் ஜீலாங்குக்கே வந்தார். மேலும் 55 ஆட்டங்கள் ஆடினார். அவருடைய 357-ஆவது ஆட்டமும் கடைசி ஆட்டமுமான 2020 கிராண்ட் ஃபைனலில், தொடங்கிய சில நிமிடங்களிலேயே தோள் பெயர்ந்து உள்ளே போனார். கட்டுப்போட்டுத் திரும்பி வந்து கடைசி வரை ஆடினார். ஜீலாங் தோற்றது. ஆட்டம் முடிந்தபின் ரிச்மண்ட் ஆட்டக்காரர்களும் ஜீலாங் ஆட்டக்காரர்களும் இரு பக்கமும் வரிசையாக நின்று கைதட்ட, நடுவே அவர் நடந்து வெளியேறினார்.